புல்தரையில் விழும் சருகு: வாருவதா, அரைத்துவிடுவதா? பழைய குவியலும் மக்கவில்லை

வேலியோரம் கேட்டது:

வீட்டைச் சுற்றி ஏறக்குறைய 300 சதுர மீட்டர் புல்தரை. அதற்குள் இரண்டு மேப்பிள், ஒரு ஓக். பின்வேலியை ஒட்டி ஒரு கறுப்பு வால்நட், பக்கவாட்டில் ஓர் ஆப்பிள் மரம். இலையுதிர் காலம் தொடங்கியதும் முதலில் மேப்பிள் கொட்டுகிறது. அது முடியும் தறுவாயில் ஓக் ஆரம்பிக்கிறது. உச்சத்தில் ஒரே வாரத்துக்குள் மரத்தடியில் கணுக்கால் அளவுக்குச் சருகு சேர்ந்துவிடுகிறது.

வாரிப் பையில் கட்டி வெளியே வைப்பதை இந்த முறை நிறுத்திவிட்டு, விழுவதையெல்லாம் தோட்டத்துக்குள்ளேயே பயன்படுத்த நினைக்கிறேன். சில விஷயங்களில் தெளிவு வேண்டும்.

மோவரை (புல்வெட்டும் இயந்திரம்) மேலே ஓட்டி அரைத்துப் புல்லிலேயே விட்டுவிடலாம் என்கிறார்கள். எவ்வளவு கனம் வரை விடலாம்? அடியில் இருக்கும் புல் வீணாகிவிடாதா?

சென்ற ஆண்டுச் சருகு ஒரு மூலையில் குவிந்து கிடக்கிறது. இடுப்பளவு இருந்தது, இப்போது முழங்காலளவுக்கு இறங்கியிருக்கிறது. ஆனால் கிளறிப் பார்த்தால் உள்ளே இலைகள் இலைகளாகவே இருக்கின்றன. ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு பாளம் பாளமாகப் பெயர்ந்து வருகின்றன. வெளிப்புறம் ஈரமாக இருக்கிறது, நடுப்பகுதி தூசி பறக்கும் அளவுக்குக் காய்ந்திருக்கிறது. எதனால்?

ஓக் இலை மண்ணை அமிலமாக்கிவிடும், சுண்ணாம்பு போட்டே ஆக வேண்டும் என்பது உண்மையா? வால்நட் இலையைத் தக்காளிப் பாத்திப் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்பது? ஆப்பிள் இலைகளில் கோடையிலிருந்தே கரும்பச்சைத் திட்டுகள் இருந்தன. அவற்றையும் மற்ற சருகோடு சேர்த்துவிடலாமா?

மூடாக்கு எழுதியது:

புல்தரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். குவியலைப் பற்றிச் சொல்ல இங்கே என்னைவிடத் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

அரைத்துவிடுவது நல்ல வழிதான். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் புல்தரை ஆய்வாளர்கள் மேப்பிள், ஓக் இலைகளை வைத்து இதைப் பல ஆண்டுகள் சோதித்திருக்கிறார்கள். 15 செ.மீ. கனத்துக்குக் கிடந்த சருகை அரைத்துப் புல்லிலேயே விட்டும் புல் கெடவில்லை. ஆனால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அது அடர்ந்து வளர்ந்த புல்லில், நல்ல இயந்திரத்தால் செய்த வேலை. மரநிழலில் உள்ள வீட்டுப் புல் பெரும்பாலும் மெலிந்துதான் இருக்கும். ஒரு தடவைக்கு 5 செ.மீ., மிஞ்சிப்போனால் 8 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் சேரும் வரை காத்திருக்காமல், கொட்டும் உச்சத்தில் நாலைந்து நாளுக்கு ஒரு முறை ஓட்டிவிடுங்கள். இரண்டு வாரச் சருகை ஒரே நாளில் அரைக்கப் பார்ப்பதால்தான் பலருக்கு இந்த முறை சரிவருவதில்லை.

மோவரின் வெட்டு உயரத்தை 7 அல்லது 8 செ.மீ.க்கு ஏற்றுங்கள். தாழ்வாக வைத்தால் புல்லையும் சேர்த்துச் சிரைத்துவிடும், இலைத்துண்டு இறங்கி மறைய இடமும் இருக்காது. பிளேடு கூராக இருக்க வேண்டும். மழுங்கிய பிளேடு இலையை வெட்டுவதில்லை, அடித்துத் தள்ளிவிடுகிறது. பனி ஈரம் காய்ந்த பிறகு, வழக்கமாக நடக்கும் வேகத்தில் பாதியில் ஓட்டுங்கள். முதல் சுற்று நீளவாக்கில், இரண்டாம் சுற்று குறுக்கே. துண்டுகள் ஒன்று, ஒன்றரை செ.மீ. அளவுக்கு வந்துவிட்டால் போதும்.

பக்கவாட்டில் துப்பும் மோவர் என்றால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். துப்பும் வாய் எப்போதும் இன்னும் ஓட்டாத பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் வெளியே விழுந்த துண்டு அடுத்த வரிசையில் மறுபடி பிளேடுக்குள் போகும். வெளி ஓரத்தில் தொடங்கி, வாய் உள்பக்கம் பார்க்கும் திசையில் உள்நோக்கிச் சுற்றி வந்தால் இது தானாக அமையும்.

ஓட்டி முடித்ததும் நின்று நேர்கீழே பாருங்கள். புல்நுனிகள் எங்கும் துண்டுகளுக்கு மேலே தெரிய வேண்டும். பச்சையைவிடப் பழுப்பு அதிகமாகத் தெரிந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். அந்தப் பகுதியில் மட்டும் பையை மாட்டி இன்னொரு சுற்று ஓட்டி அள்ளிவிடுங்கள். அள்ளியது வீணாகாது, பாத்தி மண்ணை மூடும் மூடாக்குக்கும் மக்க வைக்கும் குவியலுக்கும் அதைவிட நல்ல பொருள் கிடையாது. முழு இலையோடு ஒப்பிட்டால் அரைத்தது பத்தில் ஒரு பங்கு இடத்தில்கூட அடங்கிவிடும்.

இத்தனை கவனம் ஏன் என்றால், முழு இலை ஈரத்தில் படிந்து புல்மேல் ஒட்டிக்கொண்டால் வெளிச்சமும் போகாது, காற்றும் போகாது. அதன்மேல் பனி விழுந்து வாரக்கணக்கில் கிடந்தால் பனிப்பூசணம் பிடிக்கும். பனி உருகும்போது சாம்பல் நிறத்திலோ இளஞ்சிவப்பாகவோ வட்ட வட்டமாகப் புல் நைந்து கிடப்பது பெரும்பாலும் இதனால்தான். ஆகவே கடைசி ஓட்டம் நிலம் உறைவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

புதிதாக விதை தூவி முளைத்துவரும் புல்லில் இதைச் செய்யவே கூடாது. சக்கரமும் பிளேடின் இழுப்பும் நாற்றைப் பிடுங்கிவிடும். அங்கே மட்டும் காற்றை ஊதும் ப்ளோவரைக் குறைந்த வேகத்தில் வைத்து, பக்கவாட்டில் ஊதித் தள்ளுங்கள்.

உரக்குழி எழுதியது:

குவியல் விஷயத்துக்கு நான் வர்றேன். நீங்க சொன்ன அடையாளமே போதும். முழு இலையை அப்படியே கொட்டினா ஒண்ணு மேல ஒண்ணு படுத்து, மூடின புத்தகத்துல பக்கம் ஒட்டிக்கிட்ட மாதிரி ஆயிடும். மேல விழற மழை, ஓடு வேய்ஞ்ச கூரையில இறங்குறது போல வெளிப்பக்கமாவே வழிஞ்சு போயிடும். நடுவுக்கு ஒரு சொட்டுகூடப் போகாது. நடு காய்ஞ்சு கிடக்கு, வெளிய காத்து போகாம நனைஞ்சு கிடக்கு. ரெண்டுமே மக்குறதுக்கு ஆகாத நிலை. உயரம் குறைஞ்சது மக்கினதால இல்ல, பாரத்துல அழுந்தினதால.

இதை இப்பவே சரிபண்ணலாம். பக்கத்துல ஒரு தார்ப்பாயை விரிச்சு மொத்தத்தையும் அதுல பிரிச்சுக் கொட்டுங்க. பாளங்களைக் கையால உதிர்த்து, மோவரை மேல ரெண்டு தடவை ஓட்டுங்க. தார்ப்பாய் மேல வச்சு ஓட்டாதீங்க, பிளேடு இழுத்துடும். புல்லு மேல பரப்பி ஓட்டி, பை மாட்டி அள்ளுங்க. அப்புறம் திரும்ப அடுக்கும்போது 15, 20 செ.மீ. கனத்துக்கு ஒரு அடுக்கு போட்டு, பூவாளியால நனைச்சு, ரெண்டு நிமிஷம் ஊற விட்டுத்தான் அடுத்த அடுக்கு. காய்ஞ்ச சருகு முதல்ல தண்ணியைத் தள்ளும், உடனே குடிக்காது. குவிச்சு முடிச்சிட்டுக் குழாயைத் தூக்கி மேல பிடிக்கிறது பிரயோஜனமே இல்ல.

ஈரம் சரியான்னு பார்க்க, நடுவுல இருந்து ஒரு பிடி எடுத்துக் கையில இறுக்கிப் பிழியணும். ஒண்ணு ரெண்டு சொட்டு விரலிடுக்குல வந்தா சரி. வழிஞ்சா அதிகம். கை மட்டும் ஈரமாகி ஒண்ணும் சொட்டலைன்னா இன்னும் நனைக்கணும்.

அடுத்து, உங்களுக்கு எது வேணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க. ஏன்னா ரெண்டு வேற வேற வழி இருக்கு, ரெண்டையும் குழப்பிக்கிறவங்கதான் ஜாஸ்தி.

ஒண்ணு இலைமட்கு. வெறும் இலை, ஈரம், காலம், அவ்வளவுதான். இதைச் செய்யறது பூஞ்சை. சூடு ஏறாது, ஏறணும்னு எதிர்பார்க்கவும் வேண்டாம். எருவோ யூரியாவோ தேவையில்ல. முழு இலைன்னா ஒன்றரை ரெண்டு வருஷம், அரைச்ச இலைன்னா ஒரு வருஷத்துக்குள்ள, சில சமயம் அதுக்கும் முன்னாடியே கறுப்பா பொலபொலன்னு வந்துடும். இதுல சத்து குறைவு. மரம் இலையை உதிர்க்கறதுக்கு முன்னாடியே தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்) ரெண்டுலயும் பெரும்பகுதியை உள்ள இழுத்துக்கும். ஆனா தண்ணியைப் பிடிச்சு வைக்கிற குணத்துல இதுக்கு ஈடு கிடையாது.

இன்னொண்ணு சூட்டுக் குவியல். இது பாக்டீரியாவோட வேலை. சருகுல கரிச்சத்து (கார்பன்) ரொம்ப அதிகம், தழைச்சத்து கம்மி. இனத்தைப் பொறுத்து இந்த ரெண்டோட விகிதம் 40க்கு 1ல இருந்து 80க்கு 1 வரை போகும். பாக்டீரியாவுக்கு 25, 30க்கு 1 தான் தோது. அதனால பச்சைப்புல், சமையலறைக் காய்கறிக் கழிவு மாதிரி எதையாவது கலந்தே ஆகணும். கன அளவுல ரெண்டு பங்கு அரைச்ச சருகு, ஒரு பங்கு புதுசா வெட்டின புல். இப்படிப் போட்டாக் கணக்குக்கு 35, 40 பக்கத்துலதான் நிக்கும், ஆனாலும் சூடேறிடும். அளவு முக்கியம்: நீளம், அகலம், உயரம் மூணும் குறைஞ்சது 1 மீட்டர். அதைவிடச் சின்னதா இருந்தா சூடு வெளிய ஓடிடும். சரியா அமைஞ்சா மூணு நாலு நாள்ல நடுவுல 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும். 70ஐத் தொட விடாதீங்க, வேலை செய்யற உயிரே செத்துடும். சூடு 45க்குக் கீழ இறங்கினதும் வெளிய இருக்கறதை உள்ளயும் உள்ள இருக்கறதை வெளியவும் மாத்திக் கிளறுங்க.

உங்ககிட்ட இருக்கற அளவுக்கு, ஓக் முழுக்க இலைமட்குக்கும், மேப்பிள்ல மிஞ்சறது சூட்டுக் குவியலுக்கும்னு பிரிச்சா சரியா இருக்கும். ஓக்ல டானின், லிக்னின்னு சீக்கிரம் சிதையாத பொருள்கள் அதிகம், மெதுவாத்தான் மக்கும்.

கூண்டுக்கு 4 மீட்டர் நீளம், 1 மீட்டர் உயரம் உள்ள கம்பிவலை போதும். முனை ரெண்டையும் ஒரு சாண் ஏத்திக் கட்டினா ஏறக்குறைய 1.2 மீட்டர் விட்டத்துல வட்டம் வரும். மூணு குச்சி நட்டு அதுல கட்டுங்க. அடியில பிளாஸ்டிக் விரிக்காதீங்க, மண்ணைத் தொட்டுக்கிட்டே இருக்கட்டும். புழுவும் பூஞ்சையும் அங்கிருந்துதான் ஏறி வரணும். இடமில்லைன்னா கனமான பிளாஸ்டிக் பையிலயும் செய்யலாம். நனைச்ச சருகைப் போட்டு, பையைச் சுத்தி இருபது முப்பது இடத்துல துளை குத்தி, வாயைத் தளர்வாக் கட்டி நிழல்ல வைங்க. துளையே போடாம இறுக்கிக் கட்டி வைக்கிறதுதான் இருக்கறதுலயே மோசமான வழி. திறந்தா அழுகின முட்டை நாத்தம்தான் வரும்.

பொன்வண்டு எழுதியது:

மேலே இருவரும் சொன்ன முறைகளில் குறையில்லை. ஆனால் எல்லா இலையையும் அரைத்துவிட வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். விழுந்த இலைக்குள் உயிர் இருக்கிறது. சில வண்ணத்துப்பூச்சிகளின் கூட்டுப்புழுக்களும், லூனா போன்ற பெரிய அந்துப்பூச்சிகளின் கூடுகளும் சருகோடு சருகாகத்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. லூனாவின் கூடே ஓர் இலையைச் சுற்றிப் பின்னியதாக இருக்கும். கையில் எடுத்தாலும் சுருண்ட இலை என்றுதான் தோன்றும். மின்மினிப் புழுக்களும் அங்கேதான் இருக்கின்றன. பம்பிள் தேனீயின் ராணி மண்ணுக்குள் சில செ.மீ. ஆழத்தில் ஒடுங்கியிருக்கும், மேலே கிடக்கும் இலைதான் அதற்குப் போர்வை. மோவர் பிளேடு இவை எதையும் விட்டுவைக்காது.

ஆகவே இடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். புல் நன்றாக வளரும் திறந்த பகுதியில் அரைக்கலாம். மரத்தடியில், கிளைகள் கவிந்திருக்கும் வட்டத்துக்குள் எப்படியும் புல் திணறிக்கொண்டுதான் இருக்கும். அந்த வட்டத்தையே சருகுப் படுகையாக விட்டுவிடுங்கள். முழு இலையாக 8, 10 செ.மீ. கனம். புதர்களுக்கு அடியிலும் வேலியோரப் பூச்செடிப் பாத்திகளிலும் அப்படியே. காற்றில் பறந்தால் மேலே சில சுள்ளிகளைக் குறுக்கே போடுங்கள், ஓரிரு மழையில் படிந்துவிடும்.

அடிமரத்தைச் சுற்றி 10, 15 செ.மீ. இடைவெளி கட்டாயம். பட்டையை ஒட்டிச் சருகு குவிந்தால் பட்டை அழுகும். இன்னொரு ஆபத்து, எலிகள் அதற்குள் ஒளிந்துகொண்டு குளிர்காலம் முழுக்கப் பட்டையைக் கடிக்கும். சுற்றிலும் வளையமாகக் கடித்துவிட்டால் இளமரம் பிழைக்காது. தரையோடு இலைக்கொத்தாகப் பசுமையாகவே குளிர்காலத்தைக் கடக்கும் செடிகளின் மேலும் மூடக் கூடாது.

வசந்தத்தில் அவசரப்பட்டு இதையெல்லாம் கிளற வேண்டாம். பகல் வெப்பம் தொடர்ந்து 10 டிகிரிக்கு மேலே நின்ற பிறகு கை வையுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. உண்ணிகளால் லைம் நோய் பரவும் இடமாக இருந்தால், குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு அருகில் சருகுப் படுகை வேண்டாம். உண்ணிக்கும் அதே ஈரமும் நிழலும்தான் பிடிக்கும். மரங்கள் அடர்ந்த பகுதிக்கும் புல்தரைக்கும் நடுவில் 90 செ.மீ. அகலத்துக்கு மரச்சில்லோ சரளையோ பரப்பித் தடுப்பு வைக்கும்படி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. அந்தப் பட்டையில் சருகு சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இலைநரம்பு எழுதியது:

மீதிக் கேள்விகளுக்கு.

ஓக்: உதிர்ந்த ஓக் இலையைச் சோதித்தால் அமிலத்தன்மை காட்டும் என்பது உண்மை. மக்க மக்க அது குறைந்து நடுநிலைக்கு வந்துவிடும். மேலே மூடாக்காகப் போடுவதால் மண்ணின் கார அமில நிலை குறிப்பிடும்படி மாறாது. சுண்ணாம்பைச் சருகை நம்பிப் போடாதீர்கள், மண் பரிசோதனை சொன்னால் மட்டும் போடுங்கள். தேவையில்லாமல் போட்ட சுண்ணாம்பைத் திரும்ப எடுக்க முடியாது. இரும்பு, மாங்கனீசு செடிக்குக் கிடைக்காமல் போய் இலை மஞ்சளாகும்.

ஓக்கோ மேப்பிளோ, மக்காத சருகை மண்ணுக்குள் கொத்திக் கலக்காமல் இருப்பதுதான் இதைவிட முக்கியம். மண்ணுக்குள் போன சருகை மக்க வைக்க நுண்ணுயிர்கள் சுற்றியுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். அந்தப் பருவத்தில் நடும் செடி வெளிறிப்போகும். மேலே பரப்பினால் அந்தப் பாதிப்பு மண்ணின் மேற்பரப்போடு நின்றுவிடும்.

கறுப்பு வால்நட்: எச்சரிக்கை சரியானது. அதில் உள்ள ஜூக்லோன் என்ற நச்சுப்பொருள் தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரி, மிளகாய், அசேலியா போன்றவற்றை வாட வைக்கும். இலையில் மட்டுமல்ல, காயின் மேல்தோலிலும் வேரிலும் இருக்கிறது. நல்ல காற்றும் ஈரமும் சூடும் உள்ள குவியலில் அது இரண்டு முதல் நான்கு வாரத்தில் சிதைந்துவிடும். மண்ணில் இரண்டு மாதம் வரை ஆகலாம். உங்களுக்கு எளிய வழி, வால்நட் இலையை மட்டும் தனியாக வாரி, அந்த மரத்தடியிலேயே விட்டுவிடுவது. தக்காளிப் பாத்தி அந்த மரத்துக்கு அருகில் இருந்தால் இலையை அகற்றுவது மட்டும் உதவாது, வேர் கிளைகளைவிட வெகுதூரம் ஓடியிருக்கும். பாத்தியைத்தான் இடம் மாற்ற வேண்டும்.

ஆப்பிள்: கோடையிலிருந்தே கரும்பச்சைத் திட்டு என்றால் பெரும்பாலும் ஸ்காப் நோய். காயிலும் சொரசொரப்பான பழுப்புத் திட்டு இருந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். இந்தப் பூஞ்சை குளிர்காலத்தைக் கழிப்பதே உதிர்ந்த இலைக்குள்தான். வசந்தத்தில் புது இலை வரும் நேரத்தில், மழை பெய்யும்போது அந்தப் பழைய இலையிலிருந்து வித்துகள் கிளம்பி மேலே ஏறும். எனவே ஆப்பிள் மரத்தடியில் மட்டும் படுகை விடாதீர்கள். இங்கே பொன்வண்டு சொன்னதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும்: ஓர் இலை விடாமல் வாரி, 55 டிகிரியைத் தாண்டும் சூட்டுக் குவியலின் நடுவில் புதையுங்கள். மெதுவாக மக்கும் இலைமட்குக் கூண்டில் போடுவது பாதுகாப்பில்லை. வார முடியாமல் தங்கும் இலைகளுக்குப் பழத்தோட்டக்காரர்கள் செய்யும் வேலை ஒன்று உண்டு. லிட்டருக்கு 50 கிராம் வீதம் யூரியாவைக் கரைத்து, உதிர்ந்த இலைகள் நனையும்படி தெளிப்பார்கள். இலை விரைவில் மக்கிவிடும், பூஞ்சை வித்துண்டாக்குவதும் குறையும். மழை வரும் நாளில் தெளித்தால் எல்லாம் ஓடிப்போகும். ரோஜாவின் கரும்புள்ளி இலைக்கும் வாரி அகற்றுவது பொருந்தும்.

மேப்பிள் இலையில் தார் ஒட்டியது போன்ற பெரிய கறுப்புப் பொட்டு இருந்தால் பயப்பட வேண்டாம். பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர மரத்துக்குப் பெரிய கெடுதல் இல்லை. அரைத்துவிடலாம்.

எரிப்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஈரச் சருகு சுடராக எரியாமல் புகைந்து புகைந்து எரியும். கார்பன் மோனாக்சைடும் நுரையீரலுக்குள் இறங்கும் நுண்துகளும் தரைமட்டத்திலேயே பரவும். பல ஊர்களில் தடையும் உண்டு.

வேலியோரம் எழுதியது:

மிக்க நன்றி, நிறையத் தெளிவு கிடைத்தது. இன்னும் சில சந்தேகங்கள். என் மோவர் வயர் மாட்டி ஓட்டும் மின்சார மோவர், பக்கவாட்டில் துப்பும் வகை. ஆனால் கொட்டும் பருவத்தில் வாரம் முழுக்க மழை, சருகு காய்வதே இல்லை. அப்போது என்ன செய்வது? முன்புறப் புல்தரை சாலையை நோக்கிச் சரிவாக இருக்கிறது, இலைகள் வழிந்து சாலையோர வடிகாலுக்குள் போகின்றன. குளிர் வந்ததும் பச்சைப்புல் கிடைக்காது, அப்போது சூட்டுக் குவியலுக்கு யூரியா போட்டால் எவ்வளவு? இலைமட்கு தயாரானால் எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்?

மூடாக்கு எழுதியது:

ஈரச் சருகில் மின்சார மோவரை ஓட்டவே வேண்டாம். நனைந்த புல், தரையில் கிடக்கும் வயர், மேலே மூடி மறைக்கும் இலை, மூன்றும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அது போக, ஈர இலை மோவரின் அடிவயிற்றில் அப்பி, காற்றோட்டம் நின்று, துண்டாகாமல் கட்டி கட்டியாகத்தான் விழும். அடைத்துக்கொண்டால் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கையை உள்ளே விடவேண்டும். பெட்ரோல் மோவர் என்றால் ஸ்பார்க் ப்ளக் வயரைக் கழற்ற வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்கக் கூடாது.

மழை வாரத்தில் வாருவதுதான் வழி. அதற்கு விசிறி போல் விரிந்த, 60 செ.மீ. அகலமுள்ள பல்வாரி நல்லது. பிளாஸ்டிக் பல்லில் ஈர இலை குத்திக்கொள்வது குறைவு. உலோகப் பல் புல்லையும் சேர்த்துப் பிடுங்கும், அழுத்தாமல் இழுக்க வேண்டும். இரண்டரைக்கு மூன்று மீட்டர் தார்ப்பாயை விரித்து, அதை நோக்கிச் சின்னச் சின்ன இழுப்பாக, காற்று வீசும் திசையிலேயே வாருங்கள். குவித்துவிட்டுப் பிறகு அள்ளினால் அதே இலையை இரண்டு முறை தூக்குகிறீர்கள். நேராகத் தார்ப்பாயில் வாரி, நான்கு மூலையையும் பிடித்து இழுத்துப் போய்விடலாம். ஈரச் சருகு நல்ல கனம், தார்ப்பாயில் பாதிக்குமேல் நிரப்பாதீர்கள். அதை மரத்தடிப் படுகைக்கோ, கூரை உள்ள இடத்துக்கோ கொண்டுபோய்ப் போடுங்கள். இரண்டு வெயில் நாள் கிடைத்ததும் புல்மேல் மெல்லப் பரப்பி அரைக்கலாம்.

சாலையோர விஷயம் மிக முக்கியம், கேட்டது நல்லது. வடிகால் அடைப்பதோடு தொல்லை முடிவதில்லை. இலை தண்ணீரில் ஊறினால், தேநீர் இறங்குவது போல மணிச்சத்து கரைந்து இறங்கும், ஏரிக்குப் போய் பாசியை வளர்க்கும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள மேடிசன் நகரில் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை இதை அளந்து 2016ல் வெளியிட்டது. தெரு இலைகளை அகற்றாத பகுதியில், குளிர்காலம் நீங்கலாக ஆண்டில் மழைநீரோடு வெளியேறிய மணிச்சத்தில் 56 சதவீதம் இலையுதிர் காலத்திலேயே போனது. அகற்றிய பகுதியில் அது 16 சதவீதம். ஆகவே எந்த இடத்தை முதலில் வாருவது என்றால் இதைத்தான், அதுவும் மழைக்கு முன்பு. சரிவின் மேல்பக்கமாக வாருங்கள், சாலைப் பக்கம் ப்ளோவரால் ஊதித் தள்ளாதீர்கள். அரைத்த துண்டு முழு இலையைவிட எளிதாக வழிந்தோடும் என்பதால், சாலையை ஒட்டிய இரண்டு மீட்டர் அகலத்தில் மட்டும் பை மாட்டியே ஓட்டுங்கள். சாலையிலிருந்து கூட்டிய இலையைக் காய்கறிப் பாத்திக்குப் போடாமல் மரத்தடிக்குப் போடுங்கள், எண்ணெய்க் கசிவும் குப்பையும் கலந்திருக்கும்.

நடைபாதையில் படிந்த ஈர இலையையும் அன்றன்றைக்கே தள்ளிவிடுங்கள், காலடியில் வழுக்கும்.

உரக்குழி எழுதியது:

யூரியா கணக்கு சொல்றேன், ஏன்னா கண்ணளவுல அள்ளிப் போட்டாத்தான் கெடும். யூரியாவுல 46 சதவீதம் தழைச்சத்து. 60க்கு 1ன்னு இருக்கற சருகை 30க்கு 1க்குக் கொண்டுவர, 10 கிலோ காய்ஞ்ச சருகுக்கு 75 கிராம் தழைச்சத்து கூடுதலா வேணும். அதாவது ஏறக்குறைய 160 கிராம் யூரியா. சருகோட எடை தெரியணும்னா, காய்ஞ்சிருக்கும்போதே ஒரு பையை நிறைச்சு எடை போட்டுக்கிட்டு, மொத்தம் எத்தனை பைன்னு எண்ணிக்கோங்க. ஈரமானப்புறம் எடை போட்டாத் தண்ணியைத்தான் எடை போடறீங்க.

யூரியாவைத் தூளாத் தூவாதீங்க. ஒரு இடத்துல குவிஞ்சு அம்மோனியாவாப் பறந்துடும். மொத்த அளவையும் எத்தனை அடுக்கோ அத்தனை பங்காப் பிரிச்சு, நனைக்கிற தண்ணியிலயே கரைச்சுப் பூவாளியால ஊத்துங்க. மூக்கைத் துளைக்கிற வாசம் வந்தா அதிகமாயிடுச்சு. உடனே இன்னும் கொஞ்சம் அரைச்ச சருகைக் கலந்து கிளறணும். வாசமும் இல்ல, சூடும் ஏறலைன்னா முதல்ல ஈரத்தைப் பாருங்க, அப்புறம் அளவைப் பாருங்க. யூரியாவைக் கூட்டறது கடைசி வேலை. முதல் தடவைக்கு 160ல முக்கால் பங்கு போட்டு ஆரம்பிச்சாப் போதும்.

ரசாயனம் வேண்டாம்னா இன்னொரு வழி: இலையுதிர் காலத்து அரைச்ச சருகை மூடி, காய்ஞ்ச நிலையிலேயே பையில பத்திரப்படுத்துங்க. வசந்தத்துல புல்லு வெட்ட ஆரம்பிச்சதும் ரெண்டுக்கு ஒண்ணுன்னு கலந்துக்கலாம். அப்போ சூடும் சுலபமா ஏறும். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும், காய்கறிக் கழிவைத் தினமும் மூடவும் அதே பை உதவும்.

ஆனா ஆப்பிள் இலை இருக்கே, அது வசந்தம் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. உறையறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சூட்டுக் குவியல் போட்டு, அதை நடுவுல புதைச்சிடுங்க. ஒரு தடவை புதைச்சா எல்லா இலைக்கும் சூடு கிடைச்சிருக்கும்னு நம்பக் கூடாது. நடு 55 டிகிரியில மூணு நாள் நின்னதும் கிளறி, வெளிய இருந்ததை உள்ள தள்ளி, மறுபடி அதே சூடு வரணும். நீளமான கம்பி வச்ச உர வெப்பமானி இருந்தா யூகிக்க வேண்டியதில்ல.

இலைமட்கு எதுக்குன்னு கேட்டீங்க. ஒரு வருஷம் ஆனது, இன்னும் இலைத்துணுக்கு தெரியும், அது மூடாக்குக்கு: காய்கறிப் பாத்தியில 5 செ.மீ., செடித்தண்டைத் தொடாம. மணல் மண்ணா இருந்தாலும் களிமண்ணா இருந்தாலும் மேல் 10, 15 செ.மீ.ல நல்லா மக்கினதைக் கலக்கலாம், மக்காத சருகு போலத் தழைச்சத்தை இழுக்காது. ரெண்டு வருஷம் ஆனதை 6 மி.மீ. கண்ணுள்ள சல்லடையில சலிச்சா விதை முளைக்க வைக்கலாம். சத்து குறைவா இருக்கறதே அங்க நல்லது. தொட்டிச் செடிக்குன்னா சலிச்ச இலைமட்கு, தோட்டமண், மக்கின உரம், கரடுமுரடான மணல் நாலும் சம பங்கு. சல்லடையில நின்ன கட்டியை எறியாதீங்க, புதுக் கூண்டோட அடியில போட்டா அதுல இருக்கற பூஞ்சையே புது இலைக்கு ஏறிடும்.